கோலைக் காத்த தங்கராஜ்

கால்பந்தாட்டத்தில் கோல் போட்டவர் பெயரை ஊரே சொல்லும். அவரைத் தோளில் தூக்கி ஆடும். கழுத்தில் மாலை போடும். ஆனால் பாய்ந்து வந்த பந்தைத் தடுத்தவர் பெயரை யார் சொல்வார்?

ஒரு தலைமுறை சொன்னது. 1950-களிலும் 1960-களிலும் கோவை, பொள்ளாச்சி, ஆனைமலை, நீலகிரி வட்டாரங்களில் பந்தைக் கண்டால் சோற்றை மறந்து ஓடிய பிள்ளைகள், கோல் காத்த ஒருவரின் பெயரை நெஞ்சில் எழுதி வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இன்று வயது எழுபதையும் எண்பதையும் தாண்டிவிட்டது. தலை நரைத்தது. முழங்கால் வலிக்கிறது. ஆனாலும் பீட்டர் தங்கராஜ் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். சாய்ந்து உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

யார் இந்தத் தங்கராஜ்? இந்தியாவுக்காக இரண்டு ஒலிம்பிக் போட்டிகளுக்குப் போனவர். 1958-ம் ஆண்டு ஆசியாவின் சிறந்த கோல் கீப்பர் என்று பெயர் வாங்கியவர். 1962-ம் ஆண்டு ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்றபோது கோலைக் காத்து நின்றவர். அவரை ஆட்டக்காரராக ஆக்கிய மண் நம் பக்கத்து மண்தான். நீலகிரி மலைமேல் இருக்கும் வெலிங்டன்தான் அது.

மலைமேல் ஒரு பட்டாளம்

ஆனைமலையிலிருந்து பொள்ளாச்சி, கோவை, மேட்டுப்பாளையம் வழியாகப் போய்க் குன்னூர் மலை ஏறினால் அடுத்தது வெலிங்டன். ஊட்டிக்குப் போகும் மலை ரயில் அங்கே நின்று போகும். சென்னை ரெஜிமெண்டின் தலைமைப் பயிற்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. தென்னாட்டு இளைஞர்கள் சாதாரணப் பிள்ளைகளாக மலை ஏறுவார்கள், சிப்பாய்களாக இறங்குவார்கள். அந்தப் பட்டாளத்தின் சின்னம் யானை. 'வீர மதராசி, அடி கொல்லு' என்பது அதன் போர் முழக்கம்.

தங்கராஜ் பிறந்தது ஐதராபாத்தில். 1935-ம் ஆண்டு டிசம்பர் மாதம் பிறந்தார். பக்கத்தில் உள்ள செகந்திராபாத்தில் மார்னிங் ஸ்டார், பிரண்ட்ஸ் யூனியன் என்ற சங்கங்களில் பந்தாடத் தொடங்கினார். 1953-ம் ஆண்டு பட்டாளத்தில் சேர்ந்து வெலிங்டன் வந்தார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயதுகூட நிறையவில்லை.

முன்னால் ஆடியவர் பின்னால் போனார்

இங்கே ஒரு வேடிக்கை. தங்கராஜ் முதலில் கோல் கீப்பர் அல்ல. எதிரியின் கோட்டைக்குள் புகுந்து கோல் போடும் 'சென்டர் பார்வர்டு' அவர். எல்லாப் பிள்ளைகளும் ஆசைப்படும் இடம் அது. பட்டாளத்து அணியில் ஆடும்போதுதான் அவர் கோலைக் காக்கும் வேலைக்கு மாறினார்.

ஆறடிக்கு மேல் உயரம். நீண்ட கைகள். எதிரி எப்படி நினைப்பான், எந்தக் காலால் உதைப்பான், எந்த மூலையைப் பார்ப்பான் என்பதெல்லாம் தானே அந்த வேலையைச் செய்து பழகியவருக்குத் தெரியாமல் இருக்குமா? திருடன் வரும் வழி தெரிந்தவனைக் காவலுக்கு வைத்த மாதிரி ஆயிற்று.

கால்பந்தாட்டம் தெரியாதவர்களுக்காகச் சற்று விளக்கம். ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர். பத்துப் பேர் காலாலும் தலையாலும்தான் ஆட வேண்டும். பந்தைக் கையால் தொட ஒருவருக்குத்தான் உரிமை. அவர்தான் கோல் கீப்பர். அவர் காக்க வேண்டிய வாசல் 24 அடி அகலம், 8 அடி உயரம். ஒரு நல்ல வீட்டின் முன்பக்கம் அளவு அகலம்! அதை ஒரே ஆள் காக்க வேண்டும். எதிரி 'பெனால்டி' அடிக்கும்போது பந்துக்கும் கோல் கோட்டுக்கும் இடையே 36 அடிதான். கண் இமைப்பதற்குள் பந்து வந்துவிடும்.

அந்தக் காலப் பந்து தோல் பந்து. மழையில் நனைந்தால் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். இன்று இருப்பதைப் போல மெத்தென்ற கையுறைகளும் அன்று கிடையாது. கனத்த பந்தை வெறுங்கையால் பிடிக்க வேண்டும். எதிரியின் பூட்ஸ் காலடியில் தலையைக் கொடுத்துப் பாய வேண்டும். பயந்தவனுக்கு அந்த இடம் ஆகாது.

டெல்லியில் வென்ற வெலிங்டன்

டூராண்ட் கோப்பை என்பது நம் நாட்டின் மிகப் பழைய கால்பந்துப் போட்டி. 1888-ம் ஆண்டு சிம்லாவில் வெள்ளைக்காரப் பட்டாளங்களுக்காகத் தொடங்கியது. 1940-ம் ஆண்டில்தான் முதல் முறையாக ஓர் இந்திய அணி, கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங், அந்தக் கோப்பையை வென்றது. கல்கத்தாவின் பெரிய சங்கங்கள், ஐதராபாத் போலீஸ் என்று பேர்போன அணிகள் மோதும் போட்டி அது.

அந்தக் கோப்பையை 1955-ம் ஆண்டு வெலிங்டன் பட்டாளத்து அணி தூக்கி வந்தது. ஒரு முறை வென்றால் அதிர்ஷ்டம் என்பார்கள். 1958-ம் ஆண்டு மீண்டும் வென்றது. நீலகிரியில் ஆடிப் பழகிய அணி, நாட்டின் பெரிய அணிகள் கலந்துகொண்ட போட்டியில் இரண்டு தடவை முதலிடம் பெற்றது. கொங்கு நாட்டுப் பிள்ளைகள் தோளை நிமிர்த்திக்கொள்ள இது போதாதா?

1955-ம் ஆண்டிலேயே தங்கராஜை இந்திய அணி அழைத்துக்கொண்டது. டாக்காவில் நடந்த நான்கு நாட்டுப் போட்டியில் அவர் முதன்முதலாக நாட்டுக்காக ஆடினார். பட்டாளத்தில் சேர்ந்து இரண்டே ஆண்டுகள்!

காதால் பார்த்த ஆட்டம்

இன்று உலகின் எந்த மூலையில் பந்து உருண்டாலும் கைப்பேசியில் பார்த்துவிடலாம். அந்தக் காலம் அப்படியா? சென்னையில் டெலிவிஷன் நிலையம் வந்ததே 1975-ம் ஆண்டில்தான். தங்கராஜ் ஆட்டத்தை விட்டு விலகி நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு!

அப்படியானால் ஆனைமலைப் பிள்ளைகளுக்கு அவரைத் தெரிந்தது எப்படி? பஞ்சாயத்து ரேடியோவும் பத்திரிகையும்தான் வழி.

பல ஊர்களில் பஞ்சாயத்து ஆபீசில் ஒரு ரேடியோப் பெட்டி இருக்கும். வெளியே ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருப்பார்கள். மாலையானால் ஊர் கூடும். கோவை வானொலி நிலையம் 1966-ம் ஆண்டுதான் வந்தது. அதற்கு முன் நம் பக்கத்தில் திருச்சி நிலையத்தைத்தான் கேட்பார்கள். நெல் விலைக்கும் மழைச் செய்திக்கும் காத்திருக்கும் பெரியவர்கள் திண்ணையில். விளையாட்டுச் செய்திக்குக் காத்திருக்கும் பையன்கள் மரத்தடியில்.

மறுநாள் காலையில் பத்திரிகை வரும். டீக்கடை பெஞ்சில் ஒருவர் எழுத்துக் கூட்டிப் படிப்பார். பத்துப் பேர் கேட்பார்கள். விளையாட்டுப் பக்கத்தில் ஒரு படம் வந்துவிட்டால் போதும். கறுப்பு மையில் மங்கலாகத்தான் இருக்கும். ஆனாலும் அதைக் கத்தரித்துப் பாடப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளப் பையன்களுக்குள் போட்டி. படிப்பில் சுணங்கிய பிள்ளைகளும் விளையாட்டுச் செய்திக்காக எழுத்துக் கூட்டினார்கள். தங்கராஜ் கோலைக் காத்தார். கூடவே சில பிள்ளைகளுக்கு எழுத்தும் கற்றுக்கொடுத்தார் என்று சொன்னால் தவறில்லை.

நேரில் பார்த்ததில்லை, ஆட்டத்தைப் படமாகவும் பார்த்ததில்லை. நாலு வரிச் செய்தி, ஒரு மங்கல் படம். மீதியைப் பிள்ளைகளே மனத்தில் வரைந்துகொண்டார்கள். அந்தச் சித்திரத்தில் அவர் கை இன்னும் நீண்டது. அவர் பாய்ச்சல் இன்னும் உயர்ந்தது.

"நான்தான் தங்கராஜ்!"

அறுப்பு முடிந்த வயல்தான் மைதானம். கந்தல் துணியைச் சுருட்டிக் கயிற்றால் இறுக்கினால் பந்து. இரண்டு தென்னை மட்டையை நட்டால் கோல். பூட்ஸ் ஏது? வெறுங்கால்தான். நெல் தாள் குத்தும். குத்தினால் என்ன?

சாதாரணமாகப் பையன்கள் ஆடும்போது கோல் கீப்பராக நிற்க யாரும் வர மாட்டார்கள். ஓட முடியாத பையனையோ, சின்னப் பையனையோ பிடித்து நிறுத்துவார்கள். தங்கராஜ் பெயர் பரவிய காலத்தில் இந்தக் கணக்கு மாறியது. "நான்தான் தங்கராஜ்!" என்று கத்திக்கொண்டு தென்னை மட்டைக்கு ஓடினார்கள். யார் கோல் கீப்பராக நிற்பது என்று சண்டை! பாய்ந்து விழுந்து சட்டை கிழிந்து, வீட்டில் அம்மாவிடம் அடி வாங்கிய தங்கராஜ்கள் எத்தனையோ பேர்.

யாரும் விரும்பாத இடத்தை எல்லாரும் விரும்பும் இடமாக ஆக்கினார் அவர். ஒரு விளையாட்டு வீரர் பிள்ளைகளுக்குச் செய்யக்கூடிய நன்மை இதைவிட என்ன?

மெல்போர்ன், ரோம்

1952-ம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியா யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. நம் ஆட்டக்காரர்களில் பலர் குளிரில் வெறுங்காலுடன் ஆடினார்கள். அந்த அடிக்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் ஆயிற்று.

நான்கே ஆண்டுகளில் நிலைமை மாறியது. ஐதராபாத்தைச் சேர்ந்த பயிற்சியாளர் சையது அப்துல் ரகீம் அணியைச் செதுக்கினார். 1956-ம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக். இந்தியா ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று வென்றது. ஒலிம்பிக் கால்பந்தில் அரை இறுதிக்கு வந்த முதல் ஆசிய நாடு இந்தியாதான். முடிவில் நான்காம் இடம் கிடைத்தது. அந்த அணியில் தங்கராஜும் இருந்தார். அப்போது அவருக்கு இருபது வயது.

1960-ம் ஆண்டு ரோம். பிரான்சுடன் இந்தியா 1-1 என்று சமமாக ஆடியது. பலம் வாய்ந்த ஹங்கேரியிடம் 2-1 என்றுதான் தோற்றது. பெரு நாட்டிடம் 3-1 என்று தோற்றது. பெருவுக்கு எதிராக இந்தியா போட்ட அந்த ஒரே கோலைப் போட்டவர் சைமன் சுந்தர்ராஜ். அவரும் நம் தமிழரே. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட கடைசிக் கோல் அதுதான். 1960-க்குப் பிறகு இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்குக்குப் போகவே இல்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இன்றுவரை அந்தக் கோல் கடைசிக் கோலாகவே நிற்கிறது.

ஜகார்த்தாவில் ஒரு மாலை

தங்கராஜ் பெயரைச் சொன்னால் பெரியவர்கள் நேராக 1962-ம் ஆண்டு செப்டம்பர் 4-ம் தேதிக்குத்தான் போவார்கள். இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டு. கால்பந்து இறுதி ஆட்டம். எதிரே தென் கொரியா. முதல் சுற்றில் இந்தியாவை 2-0 என்று தோற்கடித்த அதே தென் கொரியா.

ஆட்டத்துக்கு வெளியேயும் ஆபத்து. தைவான், இஸ்ரேல் நாட்டு வீரர்களை இந்தோனேசியா போட்டிக்கு அனுமதிக்கவில்லை. ஆசிய விளையாட்டுச் சம்மேளனத்தில் இருந்த இந்தியர் ஜி.டி.சோந்தி அதைக் கண்டித்தார். அவ்வளவுதான், ஜகார்த்தா மக்கள் கோபம் முழுவதும் இந்தியாவின் மேல் திரும்பியது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. இறுதி ஆட்டத்தன்று மைதானம் நிறையக் கூட்டம். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். இந்தியர் காலில் பந்து பட்டால் கூச்சல்! அந்தக் கூட்டத்தில் இந்தியாவுக்காகக் கை தட்டியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் என்று நம் ஆட்டக்காரர்கள் பின்னாளில் சொன்னார்கள்.

அணிக்குள்ளும் சோதனை. தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்குக்கு முந்திய ஆட்டம் ஒன்றில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தார்கள். தங்கராஜுக்கோ காய்ச்சல். அவர் இடத்தில் பிரத்யுத் பர்மன் நின்றார். பயிற்சியாளர் ரகீமின் உடம்பையோ புற்றுநோய் தின்றுகொண்டிருந்தது.

ரகீம் கணக்குப் போட்டார். கொரியர்கள் பந்தை உயரத் தூக்கி ஆடுவார்கள். உயரமான ஆள் வேண்டும். காய்ச்சலிலிருந்து எழுந்த தங்கராஜைக் கோலுக்குக் கூப்பிட்டார். தையல் போட்ட தலையோடு ஜர்னைல் சிங்கை முன்வரிசைக்கு அனுப்பினார்.

ஆட்டம் தொடங்கியது. பதினேழாவது நிமிடம், பி.கே.பானர்ஜி ஒரு கோல்! இருபதாவது நிமிடம், ஜர்னைல் சிங் இரண்டாவது கோல்! ஒரு லட்சம் பேர் வாய் அடைத்துப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் தங்கராஜின் ஆட்டம். இரண்டு கோல் பின்னால் நிற்கும் கொரியர்கள் சும்மா இருப்பார்களா? பந்து மேலே வந்தது. நீண்ட கை நீண்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் கொரியாவுக்கு ஒரு கோலும் கிடைக்கவில்லை. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது ஒரே ஒரு கோல் விழுந்தது. இந்தியா 2, தென் கொரியா 1. தங்கம் நம் கையில்!

தங்கராஜ் என்ற பெயரில் தங்கம் முன்பே இருந்தது. அன்று கழுத்திலும் ஏறியது.

அந்த வெற்றியைக் கண்ட ரகீம் அடுத்த ஆண்டு, 1963 ஜூன் மாதம், காலமானார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா தங்கம் வாங்கியது அதுதான் கடைசி. 1970-ம் ஆண்டு வெண்கலம் கிடைத்தது. பிறகு அதுவும் இல்லை.

ஆனைமலைப் பக்கத்தில் ஆழியாறு அணை வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. இங்கே ஆற்றைத் தடுத்து நிறுத்தச் சுவர் எழுப்பினார்கள். அங்கே ஒரு மனிதர் சுவராக நின்றார். ரேடியோவில் செய்தி கேட்ட பிள்ளைகளுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும்.

கல்கத்தா கொண்டாடிய காவலர்

1960-ம் ஆண்டு பட்டாளத்து வீரர்களின் 'சர்வீசஸ்' அணி சந்தோஷ் கோப்பையை வென்றது. அந்த அணிக்குத் தங்கராஜ் தலைவர். பிறகு பட்டாளத்தை விட்டுக் கல்கத்தா போனார்.

கல்கத்தாவில் கால்பந்து என்றால் அது திருவிழா, சண்டை எல்லாம் சேர்ந்தது. முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று மூன்று பெரிய சங்கங்கள். ஒரு சங்கத்தை நேசிப்பவர் மற்றச் சங்கத்தாரோடு ஆட்ட நாளில் முகம் கொடுத்துப் பேச மாட்டார். அந்த மூன்று சங்கங்களுக்கும் தங்கராஜ் ஆடினார். ஒருவருக்கொருவர் ஆகாத மூன்று வீட்டாரும் தங்கள் வாசலைக் காக்க ஒரே ஆளை அழைத்தார்கள்! காவல்காரரின் நாணயத்துக்கும் திறமைக்கும் இதைவிடச் சாட்சி வேண்டுமா?

1966-ம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுக்கும் அவர் போனார். 1967-ம் ஆண்டு மத்திய அரசு அவருக்கு அர்ஜுனா விருது தந்தது. 1970-களின் தொடக்கத்தில் ஆட்டத்தை நிறுத்தினார். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 2008-ம் ஆண்டு நவம்பர் மாதம் ஜார்க்கண்ட் மாநிலம் பொகாரோவில் கண் மூடினார்.

யானை வராத இரவு

இப்போது சில வீடுகளில் தாத்தாவும் பேரனும் இப்படிப் பேசிக்கொள்வது உண்டு.

"அப்புச்சி, உங்க காலத்துல மெஸ்ஸி மாதிரி யாராச்சும் இருந்தாங்களா?"

"இருந்தாரு கண்ணு. ஆனா அவரு கோல் போட மாட்டாரு."

"கோல் போடாம என்னங்கப்புச்சி ஆட்டம்?"

"அடுத்தவனைப் போட உடமாட்டாரு. அதுவும் ஆட்டந்தானே?"

பேரனுக்கு இது சட்டென்று விளங்காது. கோல் போட்டவருக்குக் கணக்கு உண்டு. இத்தனை ஆட்டம், இத்தனை கோல் என்று எழுதிவிடலாம். தடுத்தவருக்கு என்ன கணக்கு? நடக்காமல் போன தீமையை எந்த நோட்டில் எழுதுவது?

ஆனைமலை அடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். காட்டிலிருந்து யானை இறங்கும், பன்றி வரும். பரண் கட்டி, தீ மூட்டி, தகரத்தைத் தட்டி இரவெல்லாம் ஒருவர் காவல் இருப்பார். யானை வந்து தென்னையைச் சாய்த்த இரவை ஊர் முழுவதும் பேசும். யானை வராத முந்நூறு இரவுகளை யார் பேசுவார்? காவல்காரர் தூங்கிய ஒரு நாள்தான் எல்லாருக்கும் நினைவில் இருக்கும்.

கோல் கீப்பரின் கதியும் அதுவே. வீட்டில் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ளும் தாயின் கதியும் அதுவே. கடன் வாசலுக்கு வராமல் உழைக்கும் தகப்பனின் கதியும் அதுவே. தப்பினால் பேச்சு, தப்பாவிட்டால் பேச்சில்லை. அப்படிப்பட்ட வேலையைச் செய்த ஒருவரைப் பிள்ளைகள் கதாநாயகனாகக் கொண்டாடினார்கள் என்பதுதான் இந்தக் கதையின் அழகு.

சோடா விற்ற சிறுவன்

ஆனைமலைக்கு மேற்கே மலையைத் தாண்டினால் கேரளம். அங்கிருந்து அடுத்த தலைமுறைக்கு இன்னொரு கதாநாயகர் வந்தார். அவர் ஐ.எம்.விஜயன். 1969-ம் ஆண்டு திருச்சூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். அங்கே முனிசிபல் மைதானத்தில் ஆட்டம் பார்க்க வருபவர்களுக்குச் சோடா விற்ற சிறுவன், அதே மைதானத்தில் கேரளப் போலீஸ் அணிக்காக ஆடினார். 1990, 1991-ம் ஆண்டுகளில் அந்த அணி பெடரேஷன் கோப்பையை வென்றது. இந்திய அணிக்குத் தலைவரானார். 2003-ல் அர்ஜுனா விருது, 2025-ல் பத்மஸ்ரீ.

விஜயனை நம் பக்கத்துப் பிள்ளைகள் டெலிவிஷனில் பார்த்தார்கள். பஸ் ஏறிப் போய் மைதானத்திலும் பார்க்க முடிந்தது. 2006-ல் வந்த 'திமிரு' படத்தில் வில்லனாகவும் பார்த்தார்கள். அவர் போட்ட கோல்களை இன்றும் படத்தில் ஓட்டிப் பார்க்கலாம். அவர் மறைய மாட்டார்.

தங்கராஜின் நிலை வேறு. அவர் தடுத்த பந்துகளை அப்படி ஓட்டிப் பார்க்க முடியுமா? 2024-ம் ஆண்டு ரகீமின் வாழ்க்கையை 'மைதான்' என்ற இந்திப் படமாக எடுத்தார்கள். அதில் தங்கராஜாக ஒரு நடிகர் நடித்தார். அதைப் பார்த்துத்தான் இளைஞர் பலருக்கு அந்தப் பெயரே தெரிய வந்தது. நடிகர் பாய்வதைப் பார்த்தோம். நிஜத் தங்கராஜ் பாய்ந்தது எப்படி? அதை அறிந்தவர்கள் நேரில் பார்த்தவர்கள்தான். அவரால் நம் ஊர்கள் எப்படி மகிழ்ந்தன என்பதை அறிந்தவர்கள் அந்தக் காலத்துப் பிள்ளைகள்தான்.

கேட்க வேண்டிய நேரம்

அந்தத் தங்க அணியில் ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஜர்னைல் சிங் 2000-ம் ஆண்டு மறைந்தார். 2020-ம் ஆண்டு மார்ச்சில் பி.கே.பானர்ஜி போனார், ஏப்ரலில் அணித் தலைவர் சூனி கோஸ்வாமி போனார். 2023-ம் ஆண்டு துளசிதாஸ் பலராம் போனார். ஆடியவர்கள் போவதைப் போலவே, கேட்டு மகிழ்ந்தவர்களும் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் நெஞ்சில் உள்ளது அவர்களோடு போனால் பிறகு எங்கே தேடுவது?

ஆகவே ஒரு காரியம் செய்யலாம். வீட்டில் வயதானவர் இருந்தால் பக்கத்தில் உட்காருங்கள். தங்கராஜைத் தெரியுமா என்று கேளுங்கள். தங்கராஜைத் தெரியாவிட்டால், சின்ன வயதில் அவர்களுக்குப் பிடித்த ஆட்டக்காரர் யார் என்று கேளுங்கள். கபடி ஆடியவராக இருக்கலாம். மல்யுத்தம் செய்தவராக இருக்கலாம். எந்த வயலில் ஆடினார்கள், பந்து எதில் செய்தார்கள், யார் கோலில் நின்றார்கள், எங்கே ரேடியோ கேட்டார்கள் என்று கேளுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதட்டும். புதிதாக எழுதப் படித்தவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை மைதானத்தில் இறங்கும்போது கோலில் நிற்க ஆள் இல்லை என்றால் சின்னப் பையனைத் தள்ளிவிடாதீர்கள். நீங்களே போய் நில்லுங்கள். ஆசியாவிலேயே சிறந்தவர் என்று பெயர் எடுத்த ஒருவர், முன்னால் ஆடிய இடத்தை விட்டு அந்த இடத்துக்குத்தான் வந்தார்.